குல்மார்க்: ஒரே கம்பியில் இரண்டு கூட்டம்

காஷ்மீரின் குல்மார்க்குக்குப் போய்வந்த இரண்டு பேரைத் தனித்தனியே விசாரித்துப் பாருங்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிடுவார். வரிசையில் நின்றே பாதி நாள் போயிற்று, குதிரைக்காரர் நிழல்போல் பின்னாலேயே வந்தார், வாடகைக்கு எடுத்த கோட்டில் ஈர வாடை, மேலே போனால் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று அடுக்குவார். இன்னொருவரோ, இப்படி ஒரு பனிமலை இந்தச் செலவுக்கு உலகத்தில் எங்கும் கிடைக்காது என்று சத்தியம் செய்வார். இருவரும் போனது ஒரே மலைக்கு, ஏறியது ஒரே ரோப் காரில். ஒருவேளை ஒரே நாளில்கூட இருக்கலாம். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை.

ஆகவே எல்லோருடைய கருத்தையும் கூட்டிக் கழித்து, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பது இந்த ஊர் விஷயத்தில் வீண் வேலை. ஒருவர் நிறை என்று சொல்வதும் மற்றவர் குறை என்று சொல்வதும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. மலை மிகப் பெரியது. அதன் உச்சிப் பக்கம் வரை போவதற்கு இருப்பது ஒரே ஒரு ரோப் கார் பாதை. அதைச் சுற்றி, ஐரோப்பிய பனிச்சறுக்குத் தலங்களில் சாதாரணமாக எதிர்பார்க்கப்படும் ஏற்பாடுகள் மிகக் குறைவு. இந்த ஊரைப் பற்றிய புகழ்ச்சியில் பாதியும் புகாரில் பாதியும் இதற்குள் அடங்கிவிடும்.

பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய புல்வெளிதான் குல்மார்க். அதன் மேல் நிற்கிறது அப்பர்வத் மலை. இங்கே பனிச்சறுக்கு புதிய சங்கதி அல்ல. ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் 1927-லேயே ஸ்கீ சங்கம் ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். 1948-ல் இந்திய ராணுவம் தன் வீரர்களுக்குப் பனியில் நடமாடக் கற்றுத்தரும் பள்ளியை இங்கே அமைத்தது. அதுதான் இன்றைய உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளி. 1960-களின் இறுதியில் மத்திய சுற்றுலாத் துறையின் ஸ்கீ மற்றும் மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் வந்தது.

ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரோப் கார். பிரெஞ்சு நிறுவனமான பொமகால்ஸ்கியின் தொழில்நுட்பத்தில், குல்மார்க்கிலிருந்து கொங்டூரி வரையிலான முதல் கட்டம் 1998-ல் திறக்கப்பட்டது. கொங்டூரியிலிருந்து அப்பர்வத்தின் தோள் வரை, ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோகும் இரண்டாம் கட்டம் 2005-ல் வந்தது. அந்த இரண்டாம் கட்டம் வந்த பிறகுதான் உலகின் பல மூலைகளிலிருந்தும் சறுக்குபவர்கள் இங்கே வரத் தொடங்கினார்கள். இவ்வளவு உயரத்துக்கு மூச்சுவாங்காமல் கொண்டுபோய் இறக்கிவிடும் ரோப் கார்கள் உலகில் மிகச் சிலவே.

ஆனால் அந்தப் பெட்டிகளை நிரப்புவது சறுக்குபவர்கள் அல்ல. 2023-ல் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த ரோப் காரில் ஏறினார்கள். அதில் பெரும் பங்கு பனியைத் தொட்டுப் பார்க்க, படம் எடுக்க, மேலே போய் நின்றுவிட்டுத் திரும்ப வருபவர்கள். ஆறு பேர் உட்காரும் பெட்டிகள். மணிக்குச் சுமார் 600 பேரை ஏற்றலாம். சீசன் நாளில் எத்தனை ஆயிரம் பேர் திரளுவார்கள் என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் வரிசை ஏன் நகர்வதில்லை என்பது புரிந்துவிடும். டிக்கெட்டை இப்போது இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டியிருக்கிறது என்றாலும், டிக்கெட் கையில் இருப்பது ஒன்று, பெட்டியில் ஏறுவது வேறொன்று.

கொங்டூரி நிலையத்தில் இது கண்கூடு. முதல் கட்டத்தில் வந்தவர்கள் எல்லோரும் இறங்கி, இரண்டாம் கட்டத்துக்குத் தனியாக மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில், முழங்கால் வரை வரும் வாடகை ரப்பர் பூட்ஸும், யாருடைய அளவுக்கோ தைத்த ரோமக் கோட்டும் போட்ட குடும்பம் ஒன்று நிற்கிறது. பாட்டி கையில் பிளாஸ்க், குழந்தை தூங்கி வழிகிறது. அவர்களுக்குப் பின்னால் தோளில் அகலமான ஸ்கீ பலகைகளைச் சுமந்தபடி ஒருவர். அவர் முதுகுப் பையில் மண்வெட்டியும், மடித்து வைத்த நீளமான உலோகக் குச்சியும் இருக்கின்றன; சட்டைக்குள் மார்போடு கட்டிய ஒரு சிறு மின்னணுக் கருவி. பனிக்குள் புதைந்தால் ஆளைக் கண்டுபிடிக்கவும் தோண்டி எடுக்கவும் ஆன சாமான்கள் அவை. மேலே போய் இறங்கியதும் குடும்பம் இடதும் வலதும் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் தலைவலியோடு கீழே வரும். மற்றவர் பலகையை மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து மறைவார். ஒரே பெட்டியில் வந்த இந்த இரண்டு பேரிடம் “இடம் எப்படி?” என்று கேட்டால் ஒரே பதில் எப்படி வரும்?

தலைவலியைப் பற்றி ஒரு வார்த்தை. சுமார் நான்காயிரம் மீட்டர் உயரத்தில், மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. முந்தின நாள் சென்னையில் விமானம் ஏறியவர் மறுநாள் மதியம் அங்கே நின்றால் தலை சுற்றத்தான் செய்யும். ரோப் கார் கால்வலியைத் தவிர்க்கிறது. உடல் உயரத்துக்குப் பழகும் அவகாசத்தையும் சேர்த்தே பறித்துவிடுகிறது. இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் கொங்டூரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பணம் கட்டிவிட்டோமே என்று மேலே போய் அவதிப்படுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

இனி சறுக்குபவர்கள் தரப்பு. அவர்கள் முதலில் சொல்வது பனியின் தரம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் குளிர்கால மழை மண்டலங்கள், பீர் பஞ்சால் மலைத்தொடரில் முட்டி ஈரத்தை இறக்கிவைக்கின்றன. வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறுகள் என்கிறது. உயரமும் குளிரும் சேர்வதால் விழும் பனி உலர்ந்த பொடியாக விழுகிறது. வெயில் நேராக அடிக்காத சரிவுகளில் அது நாள்கணக்கில் பொடியாகவே கிடக்கிறது. உச்சி நிலையத்திலிருந்து அடிவாரம் வரை உயர வித்தியாசம் 1,300 மீட்டர். மேலே மரமே இல்லாத அகன்ற சரிவுகள், கீழே ஊசியிலைக் காடு. இன்னும் கீழே, ஊரைத் தாண்டிக் கிராமங்கள் வரை சறுக்கி இறங்கி, வண்டி பிடித்துத் திரும்பிவரும் வழிகளும் உண்டு. வானம் திறந்த நாளில் உச்சியிலிருந்து 8,126 மீட்டர் உயர நங்கா பர்பத் தெரியும்.

இதோடு அவர்கள் மெச்சும் இன்னொன்று, போட்டி இல்லாமை. ஆல்ப்ஸில் புதுப் பனி விழுந்த காலையில் பத்து மணிக்குள் எல்லாச் சரிவிலும் தடம் விழுந்துவிடும். இங்கே ரோப் காரில் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் மேலே நின்றுவிட்டு அப்படியே கீழே போகிறவர்கள் என்று வைத்துக்கொண்டாலும், மலை மிச்சமிருக்கும் ஒருவருக்குத்தான். பனி விழுந்து மூன்றாம் நாளும் தடம் படாத சரிவு கிடைக்கும் என்று அவர்கள் சொல்வதில் மிகை இல்லை. அதாவது, வேடிக்கை பார்க்க வருபவர் எந்த நெரிசலைத் திட்டுகிறாரோ, அதே நெரிசல்தான் சறுக்குபவரின் மலையைக் காலியாக வைத்திருக்கிறது. ஒரே ரோப் கார் என்பதால் கீழே வரிசை நீளுகிறது. ஒரே ரோப் கார் என்பதால்தான் மேலே ஆள் இல்லை.

ஆனால் இந்தப் புகழ்ச்சி எல்லாச் சறுக்குபவருக்கும் பொருந்தாது. இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பாவில் விடுமுறைச் சறுக்கல் என்றால், இயந்திரம் ஓட்டிச் சீராக்கிய, நிறத்தால் தரம் பிரித்த ஓடுதளங்களில் சறுக்குவது. பிரான்ஸின் மூன்று பள்ளத்தாக்குத் தலத்தில் அப்படிப்பட்ட தடங்கள் 600 கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. குல்மார்க்கில் கொங்டூரியை ஒட்டிய பகுதியை விட்டால் சீராக்கிய தடம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. கொங்டூரியிலிருந்து கிளம்பும் நாற்காலி லிஃப்ட் ஒன்று உண்டு; அது ஓடாத நாள்களும் உண்டு. ஆகவே ஐரோப்பாவில் ஐந்தாறு முறை போய், நடுத்தரமாகச் சறுக்கக் கற்றவருக்கு இங்கே திண்டாட்டம். புல்வெளி அவருக்குச் சலிப்பு, அப்பர்வத் அவருக்குப் பயம். குல்மார்க்கைப் பற்றிய மிகக் கசப்பான அபிப்பிராயம் இந்த நடுத்தரக்காரர்களிடமிருந்துதான் வருகிறது என்பது என் எண்ணம். நாம் நினைப்பதுபோல், குதிரைக்காரரிடம் ஏமாந்த குடும்பத்திடமிருந்து அல்ல.

முதன்முறை பலகையில் நிற்பவருக்கோ ஊர் இதமானது. புல்வெளியின் மெல்லிய சரிவுகளும், பிடித்துக்கொண்டு ஏறும் இழுவை லிஃப்டுகளும் போதும். பயிற்சி நிறுவனத்தின் வகுப்புகளில் இடம் கிடைத்தால் செலவும் குறைவு. தனியார் பயிற்சியாளர்களும் நிறைய. திறமை ஆளுக்கு ஆள் மாறும். வாடகை பூட்ஸ்தான் சோதனை. அளவு சரியில்லாத ஸ்கீ பூட்ஸ் இரண்டாம் நாளே கணுக்காலைக் கடித்துவிடும். இரண்டு மூன்று கடை ஏறி இறங்கி, போட்டுப் பார்த்து எடுப்பதில் வெட்கமே கூடாது. கற்றுக்கொள்வது மட்டுமே நோக்கம் என்றால் உத்தரகாண்டின் அவுலியையும் யோசிக்கலாம், சரிவுகள் அடக்கமானவை. ஆனால் 2023 ஜனவரியில் அதன் அடிவார ஊரான ஜோஷிமட்டில் நிலம் பிளந்தபோது அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப் கார் நிறுத்தப்பட்டதால் அங்கே போய்ச் சேரும் வழியே மாறிவிட்டது.

பனிச்சரிவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான பாராட்டுரைகள் இதைக் கடைசி வரியில் தள்ளிவிடுகின்றன. குளிர்கால ஆரம்பத்தில் மெல்லிசாக விழுந்த பனி, அடுத்துவரும் உலர்ந்த குளிர் வாரங்களில் உருமாறி, சர்க்கரை போல் ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடும். அதன் மேல் ஒரே வீச்சில் பெரும் பனி விழும்போது, வீடு மணல்மேல் நிற்கிறது. அது சரிந்துவிட ஒரு ஆளின் எடை போதும். ரோப் காரை ஒட்டிய பகுதியை மட்டும் ரோந்துக் குழு கவனிக்கிறது. ஆபத்தான இடங்களில் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரித்துவிடுகிறார்கள். அந்த எல்லைக்கு அப்பால் யாருடைய பொறுப்பும் இல்லை. எல்லையைத் தாண்டுவதோ சில அடி தூர வேலை.

2010 பிப்ரவரியில் குல்மார்க்கை அடுத்த கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேர் பனிச்சரிவில் மாண்டார்கள். மலையை முழுநேரத் தொழிலாகக் கற்றவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1-ல் போலந்து நாட்டவர் இருவர், 2024 பிப்ரவரி 22-ல் ரஷ்யர் ஒருவர். பின்னிரண்டும் ரோந்துக் குழு கவனிக்கும் எல்லைக்கு வெளியே, வெளிநாட்டுச் சறுக்குபவர்கள் தேடிப்போன தடம்படாத சரிவுகளில் நேர்ந்தவை. “தடமே படாத பனி” என்று முன்பு புகழ்ந்த அதே பனிதான் இது. உள்ளூர் வழிகாட்டியும், மேலே சொன்ன மண்வெட்டி, உலோகக் குச்சி, மின்னணுக் கருவி மூன்றும், அவற்றைப் பயன்படுத்தும் பழக்கமும் இல்லாமல் எல்லைக் கயிற்றைத் தாண்டுவது தைரியம் அல்ல, அறியாமை.

இந்த ஆபத்தின் காரணமாகத்தான் இரண்டாம் கட்டம் அடிக்கடி மூடப்படுகிறது. பனி கொட்டும் நாளிலும், காற்று பலத்த நாளிலும், கொட்டி முடித்து வெடிவைக்கும் வேலை முடியும் வரையிலும் ஓடாது. நான்கு நாள் பயணத்தில் மூன்று நாள் மேலே போக முடியாமல் போனவர்கள் உண்டு. அவர்களுடைய ஆத்திரம் நியாயமானதுதான். ஆனால் காற்றைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜூன் 25 சாட்சி. பலத்த காற்றில் முறிந்த மரம் கம்பிவடத்தின் மேல் விழுந்து, பெட்டி ஒன்று கீழே விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். அதில் நால்வர் ஒரே குடும்பம், மூவர் உள்ளூர்க்காரர்கள். அதன் பிறகு “ஏன் நிறுத்தினீர்கள்” என்று சத்தம் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒருநாள் பயணிகளின் புகார்களுக்கு வருவோம். அது மலைக்குக் கீழேயே, டங்மார்க்கில் தொடங்கிவிடும். அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். பனிக்காலத்தில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கர இயக்க வண்டியோதான் ஏற முடியும். ஆகவே ஸ்ரீநகரிலிருந்து வந்த வாடகைக் காரை விட்டிறங்கி உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். கோட்டு, பூட்ஸ் கடைகளும் அங்கேதான். ஓட்டுநர் நிறுத்தும் கடையில் விலை ஓட்டுநரின் பங்கையும் சேர்த்தே இருக்கும். மேலே போனால் குதிரைக்காரர்கள். ரோப் கார் நிலையம் வெகு தொலைவு என்பார்கள். வண்டிகள் நிற்கும் இடத்திலிருந்து அது ஒரு கிலோமீட்டர் சுமார். நடக்க முடிந்தவர் நடந்துவிடலாம். பிறகு மரச் சறுக்குவண்டி. நீங்கள் உட்கார்ந்துகொள்ள, ஃபெரன் என்ற காஷ்மீரி நீள அங்கி போட்ட ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டு மேட்டில் இழுத்துச் செல்வார். இறக்கத்தில் அவரும் முன்னால் உட்கார்ந்து காலால் திசை திருப்புவார். மனிதர் இழுக்க நாம் உட்காருவது பலருக்கு உறுத்துகிறது. அதை விட்டால் அவருக்கு அன்றைக்குக் கூலி இல்லை. இரண்டும் உண்மை.

இவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்று எழுதுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டக் கிராமத்தவர். வருமானம் சில மாதத்துக்குத்தான். கலவரம், ஊரடங்கு, பனி விழாத ஆண்டு என்று எது வந்தாலும் முதலில் பட்டினி கிடப்பவர்களும் இவர்களே. கட்டணங்களை அரசு நிர்ணயிக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஏறும் முன் எங்கே வரை, எவ்வளவு நேரம், மொத்தம் எத்தனை ரூபாய் என்று பேசி முடித்துவிட்டால் சண்டையில் முக்கால்வாசி குறைந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து போகும் பேக்கேஜ் குடும்பங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் போகின்றன. திரும்பி வந்து “பனியே இல்லை” என்பார்கள். அந்த மாதங்களில் புல்வெளி பச்சையாகிவிட்டிருக்கும். பனி அப்பர்வத் பக்கம்தான் மிச்சமிருக்கும். அதைத் தொட இரண்டாம் கட்ட டிக்கெட் வேண்டும், அதுதான் முதலில் தீர்ந்துபோகும். பேக்கேஜ்காரர்களில் பலர் முதல் கட்டத்தை மட்டும் சேர்த்துவிட்டு ரோப் கார் உண்டு என்று அச்சடித்துவிடுவார்கள். போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி கைப்பேசி: வெளிமாநில ப்ரீபெய்ட் இணைப்பு ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்க வேண்டும்.

நடுக்குளிரிலும் பனிக்கு உத்தரவாதம் இல்லை என்பது புதிய கவலை. டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாளைக் காஷ்மீரிகள் சில்லாய் கலான் என்பார்கள். குளிரின் உச்சம் அது. 2024-ல் அந்த நாற்பது நாளின் நடுவே, ஜனவரியில், குல்மார்க் காய்ந்த பழுப்புப் புல்லோடு கிடந்தது. அறைகள் ரத்தாயின, ஸ்கீ கடைகள் வெறிச்சோடின. மாதக் கடைசியில் பனி தொடங்கி, பிப்ரவரியில் குளிர்கால கேலோ இந்தியா போட்டிகள் நடந்துவிட்டன. அடுத்த ஆண்டு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பிப்ரவரிப் போட்டிகள் பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடந்தன. இதனால் சறுக்கவே போகிறவர் ஜனவரி பின்பாதிக்கும் பிப்ரவரி இறுதிக்கும் இடையே தேதி வைப்பதும், டிக்கெட்டை மாற்ற முடிகிற மாதிரி எடுப்பதும் உசிதம்.

பாதுகாப்பு பற்றிய அபிப்பிராயங்கள் சீசனுக்கு சீசன் மாறும். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு அருகில்; ராணுவம் எங்கும் கண்ணில் படும். சிலருக்கு அது தைரியம், சிலருக்கு அச்சம். 2024 அக்டோபரில் குல்மார்க்கை அடுத்த போட்டாபத்ரியில் ராணுவ வாகனம் தாக்கப்பட்டது; 2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு பள்ளத்தாக்கின் பல சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன, முன்பதிவுகள் சரிந்தன. பல மேலை நாடுகள் தம் குடிமக்களை ஜம்மு காஷ்மீருக்குப் போகவேண்டாம் என்கின்றன. அறிவுரையை மீறினால் பயணக் காப்பீடு செல்லாமல் போகலாம். கால் முறிந்தால் மலையிலிருந்து இறக்கும் செலவை யார் கொடுப்பது என்ற கேள்வி அங்கே வருகிறது. வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் அந்நாட்டுக் கடவுச்சீட்டில் வருவதானால் காப்பீட்டின் ஷரத்தைப் படித்துவிட்டு வரவேண்டும்.

இரவு வாழ்க்கை இல்லை என்று ஐரோப்பியர்கள் குறைப்படுவார்கள். நம் குடும்பங்கள் அதையே நிம்மதி என்பார்கள். அறைகளில் மின்வெட்டு உண்டு, விறகு எரியும் புகாரி அடுப்பு உண்டு. விலை குளிர்காலத்தில் தாராளமாக ஏறும்.

இந்த ஊர்ப் பக்கத்துப் பையன் ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் போனார். பெருஞ்சுழல் ஓட்டம் எனும் ஜயன்ட் ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியில் 45-ஆவது இடம். அவருடைய தந்தை குல்மார்க்கில் ஸ்கீ கடை நடத்தியவர். மகன் புல்வெளியில் கற்றுத்தான் வளர்ந்தார். ஆனால் அந்த ஓட்டத்துக்கு வேண்டியது பொடிப்பனி அல்ல. இயந்திரம் ஓட்டி இறுக்கிய, பனிக்கட்டிபோல் கெட்டியான ஓடுதளம், அதுவும் சீசன் முழுக்க. வெளிநாட்டார் தேடிவரும் பனி வீட்டு வாசலில் குவிந்து கிடக்க, அவர் பயிற்சிக்கு ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருந்தது.